காருக்குள் பூசண வாடை ஏன்?

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குச் செல்லும் வழியில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். சமவெளியில் கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை ஓடவிட்டு வரும் கார்கள், ஏற்றம் தொடங்கியதும் கண்ணாடிகளை இறக்கிவிடுகின்றன. எஞ்சினுக்குச் சுமை குறையட்டும் என்று ஓட்டுநர் ஏ.சி.யையும் விசிறியையும் ஒருங்கே நிறுத்திவிடுகிறார். மலைக்காற்றும் இதமாக இருக்கிறது. மறுநாள் திரும்பும்போது ஏ.சி.யைப் போட்டால், ஈரச் சாக்கை மூலையில் போட்டு வைத்தது போன்ற வாடை வீசுகிறது.

சென்ற மழைக்காலத்தில் மாணவர்கள் சிலருடன் குரங்கணி சென்று திரும்பியபோது என் காரிலும் இதுவே நடந்தது. அதற்கு முன்பே வாடை இருந்ததால் வாசனைப் புட்டி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தேன். ரோஜா மணமும் பூசண வாடையும் சேர்ந்து வந்தனவே தவிர, வாடை போகவில்லை. உடன் வந்த மாணவர்களுள் இளைப்பு நோயுள்ள ஒருவர் விடாமல் இருமத் தொடங்கிய பிறகுதான் காரணத்தைத் தேடினேன். இயற்பியல் கற்பிக்கும் நான் இதை முன்பே எண்ணியிருக்க வேண்டும்!

நீர் எங்கிருந்து வருகிறது?

குளிர்ந்த நீர் உள்ள செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது செம்பிலிருந்து கசிந்த நீரன்று. காற்றிலிருந்த நீராவியே குளிர்ந்து நீராகிறது. காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. 30° செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10° செல்சியசில் 9 கிராம் மட்டுமே தாங்கும்.

காரின் முன்பலகைக்குப் பின்னால் ஆவியாக்கி என்னும் குளிர்ந்த சுருள் இருக்கிறது. மெக்கானிக்குகள் இதைக் ‘கூலிங் காயில்’ என்பார்கள். 30° வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், கன மீட்டருக்கு 18 கிராம் நீராவி இருக்கும். அது சுருளின் தகடுகளுக்கிடையே புகுந்து 10° ஆகக் குளிர்ந்தால், 9 கிராம் நீர் தகடுகளில் தங்கிவிடும். 100 கன மீட்டர் காற்று கடந்தால் 900 கிராம்! இந்த நீர் ஒரு சிறு குழாய் வழியே காருக்கு அடியில் சொட்டுகிறது.

காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பது ஏ.சி.யின் பக்க விளைவு என்று எண்ண வேண்டாம். 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வில்லிஸ் கேரியர், புரூக்ளின் அச்சகம் ஒன்றில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுப்பதற்காகவே தம் கருவியை வடிவமைத்தார்.

வாடை எப்போது பிறக்கிறது?

ஏ.சி. ஓடும்போது சுருள் குளிர்ந்திருக்கிறது. நீரும் வடிந்துகொண்டே இருக்கிறது. நிறுத்தியதும் சுருள் மெல்லச் சூடேறுகிறது. தகடுகளுக்கிடையே ஒட்டிய நீர் மட்டும் காயாமல் நிற்கிறது. ஈரம், இருட்டு, மிதமான வெப்பம், உணவாகத் தூசி: பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேறென்ன வேண்டும்? அவை வெளியிடும் ஆவிகளே நம் மூக்கை எட்டுகின்றன. எனவே, வாடை வீசுவது ஏ.சி. ஓடும்போது, அது உருவாவதோ ஏ.சி. நின்றிருக்கும்போது!

நீக்குவது எப்படி?

ஏலத் தோட்டக்காரர்கள் இதற்கு விடை அறிவார்கள். பறித்த பச்சை ஏலக்காயில் ஏறத்தாழ 80 சதவீதம் ஈரம் உண்டு. உலர்த்தும் அறையில் வெப்பக் காற்றால் அதைச் சுமார் 10 சதவீதமாகக் குறைக்கிறார்கள். ஈரம் மிகுந்தால் மூட்டைக்குள் பூசணம் பிடித்துவிடும். அதற்காகக் காயின் மேல் யாரும் அத்தர் தெளிப்பதில்லை, ஈரத்தைத்தான் எடுக்கிறார்கள். காருக்கும் அதுவே வழி.

இறங்குமிடத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக ஏ.சி. பொத்தானை மட்டும் அணைத்து, விசிறியை வேகமாக ஓடவிடுங்கள். வெளிக்காற்று உள்ளே வரட்டும். மலை ஏறும்போதும் இதையே செய்யலாம். சுருள் விரைவில் உலரும்.

ஏற்கெனவே வாடை பிடித்திருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, காற்று வடிகட்டி. பல கார்களில் இது முன்பலகைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். இரண்டாவது, நீர் வடியும் குழாய். ஏ.சி. ஓடியும் காருக்கு அடியில் நீர் சொட்டாவிட்டால் அடைப்பு இருக்கக்கூடும். என் காரில் சேறும் இலைத்துணுக்கும் அடைத்திருந்தன. சுருளையே மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். குழாயைக் குத்திவிட்டதும் நீர் கொட்டியது! மூன்றாவது, கால்மிதிக்கு அடியிலுள்ள விரிப்பு. அது நனைந்திருந்தால் எடுத்து வெயிலில் உலர்த்துங்கள்.

இவற்றுக்கும் போகாவிட்டால், சுருளைக் கழுவுவதற்கென்றே விற்கும் நுரையைப் பயன்படுத்தச் சொல்லலாம். பிளீச்சிங் கரைசலை ஊற்ற வேண்டாம். அது அலுமினியத் தகடுகளை அரித்துவிடும், அதன் ஆவி நுரையீரலுக்கும் கேடு. இனிப்பான மணம் வந்தால் ரேடியேட்டர் நீர் கசிகிறது என்று ஐயுறலாம். பெட்ரோல் நெடியோ கருகல் நெடியோ வந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். இவை பூசண வாடையல்ல.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு துணிகளை நனைத்துப் பிழிந்து, ஒன்றை மூடிய டப்பாவிலும் மற்றொன்றைக் காற்றோட்டமான கொடியிலும் வையுங்கள். மூன்று நாள் கழித்து முகர்ந்து பாருங்கள். தண்ணீர் ஒன்றே, துணியும் ஒன்றே. உலர்ந்ததா, உலரவில்லையா என்பதே வேறுபாடு.