கஞ்சிக் கிண்ணத்திலிருந்து சீனம் வரை

"மருந்தை எப்போது உட்கொள்ள வேண்டும்?" என்று கேட்பவர்களைவிட, "இனிமேல் நான் என்னதான் சாப்பிடலாம்?" என்று கேட்பவர்களே எங்களிடம் மிகுதி. இந்த இரண்டாவது கேள்விக்கு நாங்கள் பெரும்பாலும் ஓர் உணவுத் தாளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அதில் தவிர்க்க வேண்டியவை நீளமாகவும் உண்ணத்தக்கவை சுருக்கமாகவும் இருக்கும். அத்தகைய தாள் ஒன்று எங்களுக்கே பாடம் கற்பித்த கதையை இம்முறை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

ஸ்ரீமதுரைப் பக்கத்திலிருந்து மூதாட்டி ஒருவர் உயர் இரத்த அழுத்தத்திற்காக எங்களிடம் வந்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து கூடலூர் வட்டாரத்திற்கு வந்து குடியேறிய குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். உப்பைக் குறைக்கவும், ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றை விலக்கவும் சொல்லி அனுப்பினோம். மூன்று வாரங்கள் கழித்து வந்தபோது இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஆனால் உடல் எடையும் மூன்று கிலோ இறங்கியிருந்தது.

"அம்மா சாப்பிடுவதையே விட்டுவிட்டார். அவருக்கென்று தனியாகத்தான் பொங்குகிறேன். இரண்டு கரண்டி கஞ்சிக்கு மேல் இறங்குவதில்லை" என்றார் மகள்.

"வாயில வச்சா மண் மாதிரி இருக்கு பிள்ளை" என்றார் மூதாட்டி.

பிறகு மகள் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். கூடலூர் உணவகம் ஒன்றில் அடுப்படி வேலை பார்க்கும் பேரன், முந்தைய இரவு ஒரு பொட்டலம் நூடுல்ஸ் வாங்கி வந்திருக்கிறான். அவனோடு உட்கார்ந்து பாட்டி பாதிக்கு மேல் உண்டுவிட்டாராம். "ஏதாவது ஆகிவிடுமா?" என்ற அச்சத்தோடுதான் அவர்கள் வந்திருந்தார்கள்.

நாங்கள் கடிந்துகொள்ளவில்லை. உப்புக் குறைந்த உணவை உண்ணாமலே இருப்பதைக்காட்டிலும், உண்ணக்கூடிய உணவில் உப்பைக் குறைப்பதே பயன் தரும். அந்தப் பொட்டலத்தில் அவரை ஈர்த்தது எது? அதைத் தெரிந்துகொள்ள, எங்கள் உணவியல் பகுதியினர் மனத்தளவில் சீனம்வரை சென்று திரும்ப வேண்டியதாயிற்று.

வீட்டிற்குள் இருக்கும் சீனம்

பயணம் அடுக்களையிலேயே தொடங்குகிறது. இலங்கையிலிருந்து வந்தோர் 'தேத்தண்ணி' என்கின்றனர். அடுத்த வீட்டு மலையாளக் குடும்பத்தினர் 'சாயா' என்கின்றனர். இவ்விரு பெயர்களுக்கும் தாயகம் சீனமே. சீனத்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஃபூஜியன் பகுதியின் பேச்சில் இந்தச் செடி 'தே'; சீனத்தின் பிற பகுதிகளில் 'ச்சா'. கடல்வழி வணிகத்தில் ஒரு பெயரும், பெரும்பாலும் நிலவழியில் மற்றொரு பெயரும் உலகைச் சுற்றின. கூடலூரின் ஒரே தேநீர்க் கடையில் அவை இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன.

வெள்ளைச் சர்க்கரையைச் 'சீனி' என்கிறோம். அடி குழிந்த வாணலியைச் 'சீனச்சட்டி' என்கிறோம். ஊறுகாய் போட்டு வைப்பது சீன ஜாடியில். இவற்றுக்கு ஈடாக நாம் கொடுத்தனுப்பிய சொல்லும் உண்டு. நோயுற்றவர்க்குச் சீனர்கள் ஊட்டும் குழைந்த அரிசிக் கூழை ஆங்கிலத்தில் 'காஞ்சி' என்று குறிப்பிடுவர். அது நம்முடைய 'கஞ்சி' என்னும் சொல்லே. போர்த்துகீசியர் வழியாகச் சென்று, இன்று சீன உணவகங்களின் பட்டியலில் அமர்ந்திருக்கிறது. காய்ச்சல் கண்டவர் தலைமாட்டில் கஞ்சிக் கிண்ணம் வைக்கும் வழக்கம் இரு நாட்டுத் தாய்மார்களுக்கும் பொது.

நடுவட்டத்து மலைச்சரிவில்

ஸ்ரீமதுரையிலிருந்து உதகைக்குச் செல்வோர் கூடலூரைக் கடந்து நடுவட்டம் வழியாக மலையேறுகின்றனர். 1860களில் அரசு அங்கே சின்கோனாத் தோட்டங்களை அமைத்தது. மலேரியாவுக்கு மருந்தாகும் குவினைன் அந்த மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. தோட்ட வேலைக்காகச் சீனக் கைதிகள் இந்த மலைக்குக் கொண்டுவரப்பட்டனர். பிற்காலத்தில், நடுவட்டத்திற்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் சிறியதொரு சீனக் குடியிருப்பைக் கண்டதாகச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டும், சிறிய அளவில் காப்பி வளர்த்தும், பசு வளர்த்தும் அவர்கள் நேர்மையாகப் பிழைத்தனர் என்பது அவர் தரும் செய்தி.

அந்த வீடுகளில் என்ன சமைத்தார்கள் என்பதற்குக் குறிப்பில்லை. எனினும் வெளியூரிலிருந்து வந்து, இங்குள்ள அரிசியையும் கீரையையும் கொண்டு தம் நாவிற்கேற்ற உணவை ஆக்கிக்கொள்வது இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம் என்பது மட்டும் உறுதி. இலங்கையிலிருந்து வந்தோரும் கேரளத்திலிருந்து வந்தோரும் அவ்வாறே செய்தனர்.

கூடலூர் உணவகத்தில்

இன்று நம் ஊர்களில் 'சைனீஸ்' என்று விற்பவற்றுள் பெரும்பாலானவை இந்தியாவில் பிறந்தவை. சீனர்கள் நடத்தும் உணவகம் உதகையில் 1950களிலிருந்தே உண்டு. ஷின்கோஸ் என்ற பெயரைச் சுற்றுலாப் பயணிகள் நன்கு அறிவர். மாறாக, 'மஞ்சூரியன்' என்னும் வகை 1970களில் மும்பையில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞரால் உருவாக்கப்பட்டது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. சீனத்தின் மஞ்சூரியாவிற்குச் சென்று கோபி மஞ்சூரியன் கேட்டால் எவருக்கும் விளங்காது.

பேரனின் பொட்டலத்தில் நாங்கள் அஞ்சியது நூடுல்ஸை அன்று. அதில் ஊற்றப்பட்ட சாஸை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உள்ளது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் விதிக்கும் எல்லை 2,000 மில்லிகிராம். அதாவது 5 கிராம் உப்பு. இரண்டு கரண்டி சாஸிலேயே அந்த நாளின் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

அஜினோமோட்டோவைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். 1908ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிவியலாளர் கிகுனே இக்கேதா கடற்பாசியின் சுவையை ஆராய்ந்து கண்டறிந்த பொருள் அது. வழக்கமான அளவில் உண்பவர்க்கு அது பெருந்தீங்கு விளைவிப்பதாக உறுதியான சான்று இல்லை. ஆயினும் அதிலும் சோடியம் உண்டு. உப்பும் சாஸும் சேர்ந்த உணவில் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நிறமே வேறொரு கவலை. செக்கச் சிவந்த கோபி மஞ்சூரியனில் ரோடமின்-பி போன்ற சாயங்கள் கலக்கப்படுவது தெரியவந்ததால், 2024 மார்ச்சில் அண்டை மாநிலமான கர்நாடகம் அதில் செயற்கை நிறங்களுக்குத் தடை விதித்தது. "கலர் போடாமல், சாஸைக் குறைத்து, காய்கறியைக் கூட்டித் தாருங்கள்" என்று கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. வெட்கப்பட வேண்டியதில்லை.

சீனத்தின் ஊடே

இனி, கடவுச்சீட்டு இல்லாமல் சீனத்திற்குள் நுழைவோம். வடக்கே கோதுமை, தெற்கே நெல். வடக்கில் கையால் இழுத்த நூடுல்ஸும் ஆவியில் வெந்த கோதுமை அப்பமும் அன்றாட உணவு. தெற்கே குவாங்டோங்கில் மீனை இஞ்சியும் வெங்காயத்தாளும் இட்டு ஆவியில் வேகவைப்பர். இட்டலியும் புட்டும் அறிந்த நமக்கு ஆவிச் சமையல் புதிதன்று. ஆனால் மீனுக்கும் காய்க்கும் அதை நாம் அரிதாகவே பயன்படுத்துகிறோம். மேற்கே சிசுவானில் நாவை மரத்துப்போகச் செய்யும் ஒருவகை மிளகும், காய்ந்த மிளகாயும் சேரும். மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி.

குவாங்சியில் புளிக்கவைத்த மூங்கில் குருத்து நூடுல்ஸில் சேர்கிறது. கூடலூர்ப் பகுதியில் பணியர், குறும்பர் முதலிய பழங்குடி மக்கள் மழைக்காலத்தில் மூங்கில் குருத்துச் சமைப்பதை நாம் அறிவோம். பச்சைக் குருத்தில் சயனைடை வெளிப்படுத்தும் இயற்கைப் பொருள் உண்டு. நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி, நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடும் மூத்த பெண்களின் முறை வெறும் சடங்கன்று; உயிர்காக்கும் அறிவு. தென்மேற்கே யுன்னானில் காட்டுக் காளான்கள் பெருவிருந்து; ஆண்டுதோறும் அங்கே நச்சுக் காளானால் மருத்துவமனை சேர்வோரும் உள்ளனர். ஐயமுள்ள காளானை ஒருபோதும் உண்ணலாகாது.

சீனத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் உணவகத்தில் கிடைத்ததன்று, கிராமங்களில் கிடைத்தது. அங்கே ஊரகப் பகுதிகளில் 600 கிராமங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியாயிற்று. பங்கேற்றோருள் பெரும்பாலோர் முன்பே பக்கவாதம் கண்டவர்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பிற்குப் பதிலாக, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் உப்புக் கலந்த மாற்று உப்பு வழங்கப்பட்டது. சமையல் முறை மாறவில்லை. உப்பு மட்டுமே மாறியது. அக்கிராமங்களில் பக்கவாதம் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சிறுநீரக நோயுள்ளவர்களும், பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இந்த மாற்று உப்பைத் தொடக் கூடாது. அவர்களுக்கு அது இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யலாம்.

மீண்டும் கிண்ணத்திற்கு

சீனக் குடும்பங்களில் கறிவகைகள் மேசையின் நடுவில் இருக்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சோற்றுக் கிண்ணம். பகிர்ந்துண்பதே அங்கு முறை. இதை எண்ணியபோதுதான் எங்கள் தாளின் பிழை புலப்பட்டது. பாட்டிக்கு நாங்கள் குறைத்தது உப்பை மட்டுமன்று. வீட்டாரோடு ஒரே சட்டியில் உண்ணும் உறவையும் குறைத்துவிட்டோம். பேரனோடு அமர்ந்து உண்ட அன்றுதான் அவருக்குப் பசி திரும்பியது.

எனவே மகளிடம் தனிச் சமையலை நிறுத்தச் சொன்னோம். வீடு முழுவதற்கும் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைக்கும்படி கூறினோம். நாவு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். பேரனிடம் வேறொரு பொறுப்பை ஒப்படைத்தோம். உணவகத்தில் கற்ற கைத்திறனைப் பாட்டியின் கிண்ணத்தில் காட்ட வேண்டும். சோயா சாஸ் ஒரு தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது. அதைச் சேர்க்கும் நாளில் தனி உப்புக் கூடாது.

அவன் செய்த கஞ்சி இது: ஒரு பங்கு அரிசியும் அரைப் பங்கு பாசிப்பயறும் சேர்த்து எட்டுப் பங்கு நீரில் குழைய வேகவைக்க வேண்டும். நசுக்கிய இஞ்சி, இரண்டு பல் பூண்டு, ஒரு கைப்பிடி கீரை சேர்த்து, இறுதியில் ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். இறக்கியபின் வெங்காயத்தாள், மிளகுத் தூள், சில துளி எலுமிச்சைச் சாறு. புளிப்பும் காரமும் மணமும் உப்பின் குறையை ஈடுசெய்யும்.

கருத்தில் கொள்ள வேண்டியவை மூன்று. நீரிழிவுள்ளவர்களுக்கு வெறும் அரிசிக் கஞ்சி சர்க்கரையை விரைவில் ஏற்றும். பயறும் கீரையும் மிகுந்து, அரிசி குறைந்திருக்கட்டும். பக்கவாதத்திற்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோர்க்கு எந்தப் பதத்தில் ஊட்டுவது என்று எங்களைக் கேட்டபின்பே ஊட்டுங்கள். தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டிற்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டுப் பருகுவது நலம்.

அடுத்த மாதம் மூதாட்டி வந்தபோது எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. இரத்த அழுத்தம் கட்டுக்குள்ளேயே இருந்தது. "பேரன் ஆக்குறது சீனாக்காரன் கஞ்சியாம். எங்க அம்மா தோட்டத்து லயத்துல ஆக்கினதும் இதேதான், முட்டை மட்டும் இல்ல" என்று சிரித்தார்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் கையிலுள்ள உணவுத் தாளில் 'கூடாது' என்னும் சொல் மிகுந்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். எதை உண்ணலாம் என்பதை அனைவரும் சேர்ந்து எழுதுவோம்.