கிராமத்து வாலிபர்களும் தொழிற்பயிற்சியும்

படித்த வாலிபர் வேலையின்றி வீட்டிலிருப்பது ஏழைக் குடும்பங்களின் கவலை மட்டுமன்று. நிலமுடைய குடும்பங்களின் கவலையும் ஆகும். மத்திய சர்க்கார் 2023-24ஆம் வருஷத்தில் எடுத்த தொழிலாளர் கணக்கின்படி, வேலை செய்வோரும் தேடுவோரும் சேர்ந்த நூறு பேரில் 3.2 பேர் வேலையற்றவர். 15 முதல் 29 வயதுள்ளவரை மட்டும் எடுத்துக்கொண்டால் இது 10.2 ஆக உயர்கிறது. அதே சமயத்தில், டிராக்டர் பழுதுபட்டால் கைதேர்ந்த ஆள் ஊரில் கிடைக்காமல் விவசாயி டவுனுக்கு ஓடுகிறார். வேலையில்லா ஆளும் ஆளில்லா வேலையும் ஒரே ஊரில் இருப்பது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்குறையினால் நேரும் நஷ்டம் சிறிதன்று. 2023ஆம் வருஷம் பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், காவேரிப் பாசன ஜில்லாக்களில் சம்பா அறுவடைக்கு நின்ற காலத்தில் பெருமழை பெய்து, முற்றிய கதிர் சாய்ந்து நீரில் கிடந்தது. சேதமடைந்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ. 20,000 வீதம் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. இத்தகைய வேளையில் அறுவடை யந்திரம் பழுதுபட்டு ஒரு நாள் வயலில் நின்றாலும், அந்த ஒரு நாளில் போவது ஒரு போகத்தின் பலனாகும்.

வாலிபருக்குப் பயிற்சியளிக்க சர்க்கார் முன்வராமலில்லை. டிரைசெம் என்று வழங்கப்பட்ட கிராம வாலிபர் சுயதொழிற் பயிற்சித் திட்டம் 1979ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 18 முதல் 35 வயதுள்ளவரில் வருஷத்திற்கு 2 லட்சம் பேருக்குப் பயிற்சியளிப்பது அதன் குறி. எண்ணிறந்தோர் பயின்றனர்; ஆயினும் அவர்களில் பலர் கற்ற தொழிலைக் கைக்கொள்ளவில்லை. உதவித்தொகையை மட்டும் கருதிச் சேர்ந்தவரும் உண்டு. கற்பித்த தொழிலுக்கு அவ்வூரில் தேவையுண்டா என்று முன்னதாகப் பாராமையே முக்கிய காரணம். 1999ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அத்திட்டம் வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாதெனில், வேலையை முதலில் எண்ண வேண்டும். பயிற்சியைப் பின்னர்த் தேட வேண்டும் என்பதே.

எண்ணுவது கடினமன்று. உதாரணமாக, ஒரு கிராமத்தில் 12 டிராக்டரும் 60 பம்புசெட்டும் இருப்பதாகக் கொள்வோம். டிராக்டர் ஒவ்வொன்றும் வருஷத்திற்கு மூன்று முறையும், பம்புசெட்டு ஒரு முறையும் பழுதுபார்க்கப்படுமானால், மொத்தம் 96 வேலைகள் ஆகின்றன. இது ஓர் ஆளின் ஜீவனத்திற்குப் போதாது. அதே அளவுள்ள நான்கு கிராமங்களைச் சேர்த்தால் 384 வேலைகள் ஆகும். அப்போது ஒருவனுக்கு முழு வேலையும், அவனுடைய உதவியாளுக்கு ஓரளவு வேலையும் உண்டு. அக்கிராமங்களிலிருந்து பத்துப் பேரை இதே பயிற்சிக்கு அனுப்பினால், எட்டுப் பேர் சான்றிதழோடு திண்ணையில் உட்கார நேரும். ஆகவே மற்றவருக்குக் கறவை மாடு, நாற்றங்கால், கோழி, தையல் முதலிய வேறு தொழில்களின் தேவையையும் இவ்வாறே கணக்கிட வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு உத்தியோகம் வருமென்று காத்திருப்பதே பல வாலிபரின் வழக்கம். பதிவு செய்ய வேண்டியதே. ஆனால் அதை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. நமது ராஜ்ய சர்க்கார் அளிக்கும் உதவித்தொகை, பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு, பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்த பின்னர், மாதம் ரூ. 300 வீதம் மூன்று வருஷம் கிடைக்கிறது. எட்டு வருஷத்தில் சேரும் தொகை ரூ. 10,800. இளமையின் எட்டு வருஷத்திற்கு இது ஈடாகாது.

கணக்கெடுத்தபின் நாடத்தக்க இடங்கள் சில உள்ளன. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள், 1982ஆம் வருஷத்தில் கர்நாடகத்தில் உஜிரே என்னும் ஊரில் தோன்றிய ஓர் ஏற்பாட்டைப் பின்பற்றியவை. ஜில்லாதோறும் வங்கிகளால் நடத்தப்படும் இவற்றில் பயிற்சி, உணவு, தங்குமிடம் யாவும் இலவசம். பயிற்சி முடிந்தபின் இரண்டு வருஷ காலம் யோசனையும், வங்கிக்கடன் பெற உதவியும் கிடைக்கும். டிராக்டர் மெக்கானிக் தொழிலை முறையாகக் கற்க விரும்புவோர் ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷப் படிப்பில் சேரலாம். 1961ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, பட்டறையில் சம்பளப்படியுடன் பழகவும் வழியுண்டு. விவசாய டிப்ளமா, பட்டம் பெற்றவருக்கென 2002ஆம் வருஷத்தில் ஏற்பட்ட வேளாண் மருந்தக, வேளாண் வணிக மையத் திட்டத்தில் 45 நாள் பயிற்சி இலவசமாக அளிக்கப்படுகிறது. இவற்றில் சேர்த்துவிடுவதாகக் கூறிப் பணம் கேட்கும் தரகர்களிடம் எவரும் ஏமாறலாகாது.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய உதவி பெரிது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் உரிய காலத்தில் கிடைக்காமையால் விண்ணப்பம் தவறிப்போனால், அந்த வாலிபனுக்கு ஒரு வருஷம் வீணாகும். ஆகையால் அத்தகைய மனுக்களின்மீது தாமதமின்றிப் பரிந்துரை செய்ய வேண்டும். பயிற்சி அறிவிப்புகளைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டுவதோடு நில்லாமல், கிராம சபையிலும் படித்துக் காட்டுதல் நலம். பெண்களுக்கும் இவ்வறிவிப்பு எட்டும்படி மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தெரிவித்தல் அவசியம்.

நிலமுடையோரின் கடமை இதனினும் முக்கியமானது. பயிற்சி பெற்றுத் திரும்பும் வாலிபனுக்கு முதல் வேலையைக் கொடுப்பவர் அவரே. டவுன் மெக்கானிக்குக்குக் கேட்ட கூலியை அன்றே எண்ணிக் கொடுப்பவர், உள்ளூர்ப் பையன் என்பதற்காகக் கூலியைக் குறைப்பதும், அறுவடைக்குப்பின் தருவதாகத் தவணை சொல்வதும் தகாது. கையில் ரொக்கம் புரளாவிடில் அவன் திருப்பூருக்கோ கோயமுத்தூருக்கோ போய்விடுவான். சர்க்கார் செலவிட்ட பணமும் அவன் கற்ற தொழிலும் ஊருக்குப் பயன்படா.

ஆகையால், அடுத்த கிராம சபை கூடுமுன் ஊரிலுள்ள யந்திரங்களையும், கறவைகளையும், வெளியாட்களுக்குச் செல்லும் கூலியையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வது நலம். அத்தாளைப் பக்கத்துக் கிராமங்களின் கணக்கோடு ஒப்பிட்டு, எந்தத் தொழிலுக்கு எத்தனை பேர் தேவை என்று தீர்மானித்தபின் வாலிபரை அனுப்பினால், கற்ற தொழில் ஊரிலேயே நிலைக்கும்.