படம் எடுக்கும் முன் பார்க்கப் பழகுவோம்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி வேலியோரச் செம்பருத்தியில் ஒரு சின்னான் கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. மாணவர்களுக்குக் காட்டலாமே என்று, கூட்டை மறைத்திருந்த இலைகளை விலக்கிக் கைப்பேசியில் படம் எடுத்தேன். மறுநாள் கூடு காலி. "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு சார்" என்றான் ஒரு மாணவன். இலைகளை விலக்கிக் காகத்துக்குக் கூட்டைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். அந்த உறுத்தல்தான் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் மா.கிருஷ்ணனைத் தேடிப் படிக்க வைத்தது.

தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களுள் ஒருவரான அ.மாதவையாவின் மகன் இவர். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தார். 1950 முதல் 1996இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் பறவைகள், விலங்குகள் குறித்து எழுதியுள்ளார். பத்மஸ்ரீ விருது பெற்றார்.

யானைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்த அதே அக்கறையுடன் காகம், மைனா, அணில் பற்றியும் எழுதினார். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கனமான கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். அது ஃபிலிம் காலம். எடுக்கக்கூடிய படங்கள் சிலவே. கழுவிப் பார்த்தால்தான் படம் தேறியதா என்று தெரியும். ஆகவே விலங்கு அடுத்து என்ன செய்யும் என்பதை அறிந்து காத்திருக்க வேண்டும். படத்துக்கு முன் கவனிப்பு வந்தாக வேண்டியிருந்தது.

இன்று கைப்பேசி அந்தக் காத்திருப்பை நம்மிடமிருந்து எடுத்துவிட்டது. அதை வகுப்பில் மீட்க ஓர் எளிய செயல்பாட்டைத் தொடங்கியுள்ளேன்.

1. கூட்டுக்கு அருகில் செல்லாமல் தொலைவில் நின்று, 10 நிமிடம் பேசாமல் பார்த்தல்.
2. நேரம், இடம், பறவை செய்தவை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, படம் வரைதல்.
3. பறவை பதறிக் கத்தினாலோ, கூட்டுக்குள் போகத் தயங்கினாலோ உடனே பின்வாங்குதல்.
4. இலை, கிளை, கூடு எதையும் தொடாதிருத்தல்.

தொடக்க வகுப்புகளுக்கு வரைதலும் பேச்சும் போதும். உயர் வகுப்புகளில் குறிப்புகளை அட்டவணையாக்கலாம்.

இந்த ஆண்டு வேப்பமரப் பொந்தில் மைனா கூடு வைத்தது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதினாள்: "10 நிமிடத்தில் 4 முறை இரை கொண்டுவந்தது. நாங்கள் கிட்டே போனபோது வரவே இல்லை. குஞ்சுக்குப் பசித்திருக்கும்."

அந்தப் பொந்தை நாங்கள் படம் எடுக்கவில்லை.