வணிகம் விட்டு வியாகரணம் – 7: மெழுகில் வார்த்த இலக்கணாசிரியர்

மென்பொருள் விற்றுப் பெரும்பொருள் சேர்த்து ஓய்ந்தவர்கள், கணக்கை முடித்த கையோடு ஆங்கில இலக்கணத்தின் ஐயங்களை நோண்டப் புகுவது ஏன் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம். 1981-ல் தனிக்கணினிகளுக்கென வெளிவந்த 'கிராமாட்டிக்' என்னும் பிழைகாட்டியைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்தது உண்மைதான். ஆயினும் வணிகம் விட்டு இலக்கணம் புகுந்தோர் வம்சத்தின் மூலபுருஷரான லிண்ட்லி முர்ரேயைத் தாண்டிப் போக மனம் ஒப்பவில்லை.

1745-ல் பென்சில்வேனியாவில் குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்து, நியூயார்க்கில் வக்கீல் தொழில் நடத்தி, பின்னர் அமெரிக்க சுதந்திர யுத்தத்தின் நடுவிலேயே இறக்குமதி வியாபாரத்தில் இறங்கி, யுத்தம் ஓய்வதற்குள் ஆயுளுக்கும் போதுமான திரவியத்தைத் தேடிக்கொண்ட இம்மனிதர், தசைகள் வலுவிழக்கும் வியாதிக்குச் சீதோஷ்ண மாறுதல் பரிகாரமாகுமென்று நம்பி 1784-ல் இங்கிலாந்து சென்று, யார்க் நகரை அடுத்த ஹோல்கேட்டில் குடியேறினார். வியாதி தீரவில்லை, நடமாட்டந்தான் குறைந்தது. அந்நகரத்துக் குவேக்கர் பெண்பள்ளி உபாத்தியாயினிகளின் வேண்டுகோளுக்கிணங்கி அவர் இயற்றிய ஆங்கில இலக்கணம் 1795-ல் வெளியாயிற்று. அதில் சொந்தச் சரக்கு சொற்பம். லௌத், பிரீஸ்ட்லி முதலிய முந்தைய இலக்கணாசிரியர்கள் வகுத்தவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தினார், அவ்வளவே. வியாபாரியின் சாமர்த்தியம் தெரிவது 1797-ல் வந்த பயிற்சிப் புஸ்தகத்தில்: மாணாக்கர் திருத்துவதற்கென்றே பிழை மலிந்த வாக்கியங்களை அடுக்கி, விடைகளைத் தனிப் புஸ்தகமாக்கினார். வந்த லாபமோ தர்ம காரியங்களுக்குப் போயிற்று.

இவ்வார ஆனந்தம் இவையொன்றுமல்ல. முர்ரே 1826-ல் காலமானார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, டிக்கன்ஸ் வாரந்தோறும் கெடுவுக்கு அஞ்சி எழுதிவந்த 'ஓல்டு கியூரியாசிட்டி ஷாப்' என்னும் நாவலில், மெழுகுப் பொம்மைக் காட்சியோடு ஊர் ஊராய்த் திரியும் ஜார்லி அம்மாள், பெண்கள் விடுதிப் பள்ளிகளைக் கவர்ந்திழுக்கும் உத்தேசத்தோடு, கிரிமால்டி என்ற கோமாளியின் முகத்தையும் உடுப்பையும் சற்றே மாற்றி, இலக்கணம் இயற்றுவதில் ஆழ்ந்திருக்கும் முர்ரேயாக நிறுத்திவிடுகிறாள்! பேர்போன கொலைகாரி ஒருத்தி, அதே சிகிச்சையால், பக்தி நூலாசிரியை ஹன்னா மோர் ஆகிவிடுகிறாள். பள்ளித் தலைவி மிஸ் மன்ஃபிளாதர்ஸ் பொறுக்கியெடுத்த எட்டு மாணவிகளோடு தனியே வந்து பார்த்து, இரண்டும் அச்சு அசல் என்று சான்று வழங்குகிறாள். கிரிமால்டி கற்பனைப் பாத்திரமல்ல. லண்டன் நாடகமேடையில் கோலோச்சி 1837-ல் மறைந்த விதூஷகர். அவருடைய ஸ்மரணைகளை மறு வருஷமே பதிப்பித்தவரும் இதே டிக்கன்ஸ்தான். ஆகையால் இந்த வேஷமாற்றத்தை வெறும் பரிகாசமென்று தள்ள எனக்கு இஷ்டமில்லை: தாம் நன்கறிந்த விதூஷகரின் முகத்தையே தேர்ந்தெடுத்து இலக்கணத்துக்கு இரவல் கொடுத்திருக்கிறார். முர்ரேயின் பெயரைச் சொன்னாலே பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் விளங்குமென்ற நிச்சயம் இல்லாவிடில் ஹாஸ்யம் எடுபட்டிராது.

பத்திரிகை ஆசிரியர் அளந்து கொடுத்த இடம் தீர்ந்தது. கிராமாட்டிக்கை அடுத்த வாரம் பார்ப்போம். அது வெளிவருமுன்பே பெல் ஆய்வுக்கூடத்தில் நடையையும் சொற்பிரயோகத்தையும் கணினியைக் கொண்டு சோதிக்கும் நிரல்களை எழுதிய லோரிண்டா செர்ரியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

(தொடரும்)