மறதியும் உப்பும்



ஆலங்குளம் பகுதியில் வீடுகளைச் சந்திக்கப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "ஐயா, வயசானா மறதி வரத்தானே செய்யும்?" பல வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் உழைத்த ஒரு தாயார், இன்று தன் தெருவிலேயே வழி தெரியாமல் நிற்கிறார். இது முதுமையின் சாதாரண மறதி அல்ல, நோய். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைவது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளைக்கு, உடல் செலவிடும் பிராணவாயுவில் சுமார் 20 சதவீதம் தேவை.

இதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? நம் குடலில் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் வாழ்கின்றன. அதிக உப்பு, தயிரைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த கிருமிகளைக் குறைப்பதையும், அழற்சியைத் தூண்டும் அணுக்கள் பெருகுவதையும் 2017-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டார்கள். 2018-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். அதிக உப்புத் தீனி தின்ற எலிகளின் குடலில் அதே வகை அணுக்கள் பெருகின. அவை சுரந்த பொருள் இரத்தத்தில் கலந்து, மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைத்தது. இரத்த அழுத்தம் கூடாமலே எலிகளின் நினைவு தடுமாறியது. வழக்கமான தீனிக்கு மாற்றியதும் இரத்த ஓட்டமும் நினைவும் சீரடைந்தன.

எலி மனிதன் அல்ல. உப்பைக் குறைத்தால் முற்றிய மறதி குணமாகும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மிகுந்த உப்பு மனிதருக்கு இரத்த அழுத்தத்தைக் கூட்டும் என்பதும், அந்த அழுத்தம் மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்களைக் கெடுக்கும் என்பதும் உறுதியானவை.

ஆகவே, ஊறுகாய், கருவாடு, அப்பளம், சேவு ஆகியவற்றைக் குறையுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது தேக்கரண்டி மட்டத்துக்கும் சற்றுக் குறைவு. கீரை, பயறு, கம்பு ஆகியவற்றின் நார்ச்சத்து நல்ல கிருமிகளுக்கு ஆகாரம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் பரிசோதியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதிருங்கள்.

வீட்டுப் பெரியவர் கேட்டதையே மறுபடி கேட்டால் கடிந்துகொள்ளாமல், மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். பெற்றோரைக் கனம்பண்ணும் வழிகளில் இதுவும் ஒன்று.