தனுஷ்கோடி தொடருந்து நிலையம்

தனுஷ்கோடி தொடருந்து நிலையம் என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையில் இருந்த தொடருந்து நிலையமாகும். இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த போட் மெயில் சேவையின் இந்திய எல்லையாக இது விளங்கியது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த இந்நிலையம் பின்னர் மீண்டும் அமைக்கப்படவில்லை.

வரலாறு

தொடக்கத்தில் போட் மெயில் பயணிகள் சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்று, அங்கிருந்து கப்பலில் கொழும்பை அடைந்தனர். 1914 பெப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இவ்வழி மாறியது. சென்னை எழும்பூரில் புறப்பட்ட வண்டி தனுஷ்கோடித் துறை வரை வந்தது. பயணிகள் நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து மற்றொரு தொடருந்தில் கொழும்பு சென்றனர்.

பாம்பனில் மீட்டர் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேசுவரத்திற்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் சென்றது. கப்பல் போக்குவரத்தால் தனுஷ்கோடியில் சுங்க அலுவலகம், அஞ்சலகம், இரயில்வே மருத்துவமனை, பள்ளி ஆகியன இயங்கின.

1964 புயல்

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பாம்பன் - தனுஷ்கோடி பயணிகள் வண்டி (எண் 653) தனுஷ்கோடியை நெருங்கிய போது பேரலையால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பயணச்சீட்டு இன்றிப் பயணித்தவர்களும் இருந்திருக்கலாம் என்பதால் உயிரிழந்தோரின் எண்ணிக்கை பலவாறாகக் கூறப்படுகிறது. நிலையம், இருப்புப்பாதை, கப்பல் துறை, ஊர் ஆகிய அனைத்தும் அழிந்தன.

புயலுக்குப் பின்

பாம்பன் பாலமும் இப்புயலில் பெரிதும் சேதமடைந்தது. பொறியாளர் இ. சிறீதரன் பொறுப்பில் அது 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. ஆனால் தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அரசால் அறிவிக்கப்பட்டதால், அங்கு சென்ற பாதை கைவிடப்பட்டது. அதுவரை கிளைப்பாதையின் முடிவாக இருந்த இராமேசுவரமே தீவின் கடைசி நிலையமானது. கப்பலும் அங்கிருந்தே தலைமன்னாருக்குச் சென்றது. 1980களில் இலங்கை உள்நாட்டுப் போர்ச் சூழலில் அச்சேவையும் நின்றது.

இன்றைய நிலை

நிலையக் கட்டடத்தின் இடிந்த சுவர்கள் மணற்பரப்பில் எஞ்சியுள்ளன. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின்னர் இங்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பெருகினர். இராமேசுவரம் - தனுஷ்கோடி புதிய பாதைக்கு 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது; எனினும் பாதை அமைக்கப்படவில்லை. கப்பல் நின்று பல ஆண்டுகள் ஆகியும், சென்னை - இராமேசுவரம் விரைவு வண்டியைப் பலர் போட் மெயில் என்றே அழைக்கின்றனர்.