சுவர்ப்பந்து ஆடலாம் வாங்க!

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் வேலைக்குச் சென்னை போவோம். மாலையில் அறையிலேயே முடங்கிக் கிடக்காமல் ஸ்குவாஷ் பழகலாமே!

சாலவாக்கம் பக்கம் சுவரில் பந்தடித்து விளையாடாதவர் உண்டா? அதையே நாலு சுவருக்குள் ராக்கெட்டால் ஆடுவதுதான் ஸ்குவாஷ். 2014 காமன்வெல்த் போட்டியில் மகளிர் இரட்டையர் தங்கம் வென்ற ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் இருவரும் சென்னைக்காரர்களே. அங்கே நேரு பூங்காவில் ஸ்குவாஷ் அகாடமி இருக்கிறது.

கோர்ட் 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். பந்து தரையில் இரண்டாம் முறை விழுமுன் அடிக்கணும். முன்சுவரில், அடியிலுள்ள 48 செ.மீ. உயரத் தகரத்துக்கு மேலே படணும்.

புதியவர்கள் திகைப்பது பந்தைப் பார்த்துத்தான். கீழே போட்டால் எழும்பவே எழும்பாது! பந்தில் குறையில்லை. அடிக்க அடிக்க ரப்பர் சூடாகும், உள்காற்றின் அழுத்தம் கூடும், பிறகுதான் துள்ளும். (நாம் படித்த வாயு விதிதான்!) போட்டிக்குரிய இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்தைச் சூடாக்கப் பழகின கை வேண்டும். முதலில் நீலப் புள்ளிப் பந்து கேளுங்கள், நன்றாக எழும்பும்.

தரையில் தடம் பதியாத ஷூ அவசியம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி நல்லது. ராக்கெட் வாங்குமுன் இரவல் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஜோடி இல்லையா? தனியாகவே பக்கச் சுவரை ஒட்டி நேராக அடித்துப் பழகலாம்.

பணக்காரர் ஆட்டமென்று வாசலோடு திரும்பிவிடாதீர்கள். சுவருக்கு நம்ம ஊரும் தெரியாது, நம்ம இங்கிலீஷும் தெரியாது!